தரையைத் தொடும் நேரத்தில் விமானம் மேலே ஏறினால், தவறு யாருடையது?

கேள்வி: போன மாதம் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து பினாங்கு வந்தோம். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் இன்ஜின் உறுமி, விமானம் திரும்பவும் மேலே ஏறிவிட்டது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருந்ததாகக் கேப்டன் அறிவித்தார். பிறகு கைப்பேசிச் செயலியில் பார்த்தால் இரண்டு விமானங்களும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. இது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் தவறா? அம்மா இனி விமானமே ஏற மாட்டேன் என்கிறார். புகார் கொடுக்கலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: மேலே ஏறியது தவறு இல்லை. தவறு ஏதாவது இருந்தால் அது இரண்டு மூன்று நிமிடம் முன்னால், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்திருக்கும். நீங்கள் அனுபவித்தது அதைச் சரிசெய்த வேலையைத்தான். விமானிகள் இதைக் கோ-அரவுண்ட் என்பார்கள். அதற்கு யாரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்கத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் ஏறிவிட்டு அப்புறம் சொன்னால் போதும்.

சரி, இடைவெளி எப்படிக் குறைகிறது? ரேடாரை வைத்து இறக்கும்போது, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்பகுதியில் இரண்டு விமானங்களுக்கு நடுவே பொதுவாக 3 கடல் மைல் தூரமோ 1,000 அடி உயர வித்தியாசமோ இருக்க வேண்டும். முன்னால் போவது பெரிய அகல உடல் விமானமாக இருந்து, பின்னால் வருவது உங்களுடையதுபோல நடுத்தர விமானமாக இருந்தால் 5 கடல் மைல். பெரிய விமானத்தின் இறக்கைகள் கிளப்பிவிடும் சுழற்காற்று அடங்க அவ்வளவு தூரம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையிறங்கும் விமானம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் வந்தால் 3 கடல் மைலைக் கடக்க ஏறக்குறைய 77 விநாடி. முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேற 60 விநாடி எடுத்தால், கையில் மிஞ்சுவது 17 விநாடிதான். முன்னவர் வழக்கமான திருப்பத்தைத் தவறவிட்டு அடுத்த திருப்பம் வரை உருண்டு போனால் அந்த 17 விநாடியும் கரைந்துவிடும். இதில் யார்மேல் குற்றம் சொல்வது? முன்னவர் வேகத்தைக் குறைத்த பிறகும் பின்னவர் 170 நாட்டில் வந்துகொண்டிருந்தால் நிமிடத்துக்கு அரை கடல் மைல் இடைவெளி தானாகவே சுருங்கும். இதை முன்கூட்டியே கணித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் கட்டுப்பாட்டாளரின் திறமை இருக்கிறது.

கேஎல்ஐஏ இருக்கும் சிப்பாங்கில் மூன்று ஓடுபாதைகள். பாயான் லெப்பாஸில் ஒன்றே ஒன்று. இறங்குவதும் கிளம்புவதும் அதில்தான். இரண்டு தரையிறக்கங்களுக்கு நடுவே ஒரு விமானத்தைக் கிளப்பிவிட வேண்டும். அந்த விமானம் கிளம்பப் பத்து விநாடி தாமதித்தாலே பின்னால் வருபவர் மேலே ஏற வேண்டியதுதான். போதாததற்கு, நீரிணைக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊரிலேயே விமானப்படைத் தளம் வேறு.

கட்டுப்பாட்டாளர்கள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்டினில், கடும் பனிமூட்டத்தில் ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோதே அதே ஓடுபாதையிலிருந்து கிளம்ப ஒரு சவுத்வெஸ்ட் விமானத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். இரண்டும் 200 அடிக்கும் குறைவான தூரத்தில் நெருங்கின. சரக்கு விமானத்தின் விமானிகள் கவனித்து மேலே ஏறியதால்தான் எல்லாரும் பிழைத்தார்கள். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. புறப்பாட்டு வரிசையில் முதலாவது என்று சொன்னதை, ஓடுபாதையில் நுழையக் கிடைத்த அனுமதியாகக் கடலோரக் காவல் விமானம் எடுத்துக்கொண்டது. கோபுரத்தின் திரையில் வந்த எச்சரிக்கையும் கவனிக்கப்படவில்லை. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மேல் மோதியது. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் 379 பேரும் தப்பினார்கள். காவல் விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள்.

விமானத்திலேயே மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். உயரத்தில் அது அருமையான கருவி. ஏறு, இறங்கு என்று அது சொன்னால், கட்டுப்பாட்டாளர் வேறு மாதிரி சொன்னாலும் விமானி கருவியைத்தான் கேட்க வேண்டும். ஆனால் தரைக்கு மேல் சுமார் 1,000 அடிக்குக் கீழே அது அந்தக் கட்டளைகளைக் கொடுக்காது. அங்கே வானொலியும் கோபுரத்தின் கண்ணும் விமானியின் கண்ணும்தான்.

செயலியை ஆதாரமாக எடுக்காதீர்கள். வரைபடத்தில் அந்தக் குட்டி விமானப் படமே பல கிலோமீட்டரை மறைக்கும். சிக்னல் விட்டுப்போனால் செயலி இடத்தை ஊகித்து வரையும். அது காட்டும் உயரமும் பெரும்பாலும் அன்றைய உள்ளூர்க் காற்றழுத்தத்துக்குத் திருத்தப்படாதது. ஒட்டியிருப்பதாகத் தெரியும் இரண்டு விமானங்களில் ஒன்று 1,000 அடி மேலே இருக்கலாம்.

அம்மாவிடம் என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். மூக்கு உயரும், சத்தம் கூடும், சக்கரம் உள்ளே போகும்போது காலுக்கடியில் ‘டொம்’ என்று கேட்கும். கேப்டன் சில நிமிடம் பேசமாட்டார். அப்போது அவருக்கு விமானத்தை ஓட்டும் வேலை, பிறகுதான் நம்மிடம் பேச்சு. எரிபொருள் தீருமோ என்ற பயமும் வேண்டாம். மாற்று விமான நிலையத்துக்குப் போய், அதன் பிறகும் 30 நிமிடம் பறக்கிற அளவு கையிருப்பு போட்டுத்தான் கிளம்புவார்கள். விமானம் நிற்கும்வரை இருக்கைப் பட்டையைக் கழற்ற வேண்டாம். வயதானவர்களுக்கு அது முக்கியம்.

புகார் கொடுக்கலாம். ஆனால் குற்றச்சாட்டாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். முதலில் விமான நிறுவனத்துக்கு, பதில் திருப்தி இல்லையென்றால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு. பயண எண், தேதி, மேலே ஏறிய நேரம், கேப்டன் சொன்ன வார்த்தைகள் இவை போதும். செயலிப் படத்தை இணைக்கலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இடைவெளி நிஜமாகவே குறைந்திருந்தால் நீங்கள் எழுதாவிட்டாலும் கோபுரமும் விமானியும் அறிக்கை கொடுத்தாக வேண்டும். உங்கள் கடிதம் அந்தக் கோப்பில் சேரும்.