யூரியாவிலிருந்து ஹைட்ரஜன் வரை: உரக்கடைக்காரர் மகளுக்கு ஒரு படிப்பு

அரியலூர்ப் பக்கம் உரக்கடை நடத்தும் தந்தை ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளையும் தம் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு சென்ற வாரம் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள் மகள். மாமாவோ நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடத்துக்கு முன்பணம்வரை பேசி முடித்துவிட்டார். தந்தைக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். கடன் தொகையைக் கேட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஐயா, இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்து, பிள்ளை கேட்காத படிப்பை வாங்காதீர்கள். மாதத் தவணையைக் கட்டப்போவது நீங்கள்தான், மாமா அல்லர்.

அவள் கேட்கும் துறை வெறும் கனவன்று. டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளி பட்டுத் தண்ணீர் பிளவுபடுவதை ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற ஜப்பானியர் இருவர் 1972-இல் வெளியிட்டனர். ஆனால் அப்பொருள் புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும்; வெயிலில் அது மிகச் சிறு பங்கு. 2009-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட குழு, உலோகமே இல்லாத கார்பன் நைட்ரைடு கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலும் ஹைட்ரஜன் தரும் என்று காட்டியது. உங்கள் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கும் யூரியாவை ஏறக்குறைய 550 டிகிரி செல்சியஸில் சூடாக்கினாலே அந்த மஞ்சள் தூள் கிடைக்கும் (அம்மோனியா வெளிவரும், வீட்டில் முயலக் கூடாது). ஒளி பட்டதும் தூளுக்குள் பிறக்கும் எலக்ட்ரான், மேற்பரப்பை எட்டித் தண்ணீரைத் தொடுவதற்குள் தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு மீண்டும் சேர்ந்து வீணாகிவிடுகிறது. நுண்துளைகள் இருந்தால் சுவர் மெலிந்து அந்தத் தூரம் குறையும், வினை நடக்கும் பரப்பும் பெருகும். கரிம மூலக்கூறுகளை நுண்துளை வலைபோலக் கோத்து 2005 முதல் உருவாக்கப்பட்டுவரும் சகப்பிணைப்புக் கரிமக் கட்டமைப்புகள் பலவற்றில், ஒரு கிராமுக்குள் கால் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு அடங்கும். துளையின் அளவையும் ஒளியை உறிஞ்சும் திறனையும் முன்கூட்டித் திட்டமிட்டு மூலக்கூறைத் தேர்வதுதான் இங்கே வேலை.

குறைகளையும் மறைக்கவில்லை. உலோகமற்றது என்று பெயரே தவிர, பெரும்பாலான சோதனைகளில் வினையை விரைவுபடுத்தும் துணை வினையூக்கியாகச் சிறிது பிளாட்டினம் சேர்க்கிறார்கள். எலக்ட்ரானைக் கொடுத்துத் தானே அழியும் வேறொரு வேதிப்பொருளும் கரைசலில் தேவைப்படுகிறது. இத்துறை இன்னும் ஆய்வகத்தைவிட்டுப் பெரிதாக வெளியே வரவில்லை. முனைவர் பட்டம்வரை போக முதுகலைக்குப் பின் ஐந்தாண்டுப் பொறுமை வேண்டும்.

செலவைப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டில் ஐஐடி முதுகலைச் சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வு, ஐஐடியில் முதுகலை, பிறகு நெட் (NET) எனும் தேசியத் தகுதித் தேர்வின் வழியே ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. அதாவது, அவள் படிக்கும்போதே சம்பளம்போல் ஒரு வருமானம். ஆராய்ச்சி வேண்டாம் என்று முதுகலையோடு நின்றாலும், வாயு நிறப்பகுப்பும் (கலவையிலுள்ள வாயுக்களைப் பிரித்து அளப்பது) எக்ஸ் கதிர் விளிம்பு விலகலும் (படிக அமைப்பை அறிவது) செய்து பழகிய கை, மருந்து நிறுவனத்திலும் பெயின்ட் ஆலையிலும் பயன்படும்.

அம்மா, உனக்கும் ஒன்று: துணைப்பாடமாக இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதே. ஒளியை உறிஞ்சும் இந்தப் பொருள்களெல்லாம் குறைகடத்திகள், அதாவது மின்கடத்திக்கும் கடத்தாப் பொருளுக்கும் இடைப்பட்டவை; அவை புரியாமல் இந்தத் துறைக்குள் நுழைய முடியாது.