மூன்று கொடையாளர்கள், ஒரே ஆண்டு

ஐயா, தேவகோட்டையிலிருந்து ஆப்பிரிக்க நாடொன்றின் புள்ளியியல் அலுவலகத்திற்குச் சென்றுள்ள தங்களிடம், மூன்று கொடையாளர்கள் ஒரே ஆண்டில் தனித்தனிக் குடும்பக் கணக்கெடுப்பு கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் மேம்பாட்டு உத்தி, அதாவது புள்ளியியல் பணிகளுக்கான அரசின் பல்லாண்டுத் திட்டம், நடப்பில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். புள்ளியியலுக்கான பன்னாட்டுத் திட்டமாகிய 2004ஆம் ஆண்டின் மராகேஷ் செயல்திட்டம் வலியுறுத்திய அந்த ஆவணத்தில், எந்தக் கணக்கெடுப்பு எந்த ஆண்டில், எவ்வளவு செலவில் என்பது அரசின் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தால், கொடையாளர்களை அந்த வரிசைக்குள் வரச்சொல்லித் தங்கள் தலைவர் உறுதியாகக் கேட்க முடியும். நகரத்தார் கோயில் திருப்பணிக்குக் குடும்பத்திற்கு இவ்வளவு என்று தரும் புள்ளிவரி ஒரே கணக்கில் சேர்வதைக் காரைக்குடியில் பார்த்து வளர்ந்த எனக்கு, இதுவே முறையாகப் படுகிறது. உத்தி வகுப்பதற்கான வழிகாட்டுதலை, 1999இல் தொடங்கிய பாரிஸ்21 என்னும் பன்னாட்டுப் புள்ளியியல் கூட்டமைப்பு வழங்குகிறது. கொடையாளர்களுடனான கூட்டத்தை நிதி அமைச்சகமே கூட்டட்டும். அதுவரை, மூவரின் கேள்விகளையும் ஒரே படிவத்தின் தனிப் பகுதிகளாக்க இயலுமா என்று கேளுங்கள், களப்பணியாளர்கள் பாவம்.