நான்கு சேனலில் இரண்டு ஒரே கையில்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு உள்ளூர் டிவி கம்பெனி இன்னொன்றை வாங்கினால் நீதித்துறை (கோர்ட் அல்ல, மத்திய அரசின் துறை) குறுக்கே வந்து நிற்கிறதே. இத்தனை சேனல் இருக்கும் நாட்டில் அதனால் யாருக்கு நஷ்டம்? (வாசகர், திருச்சி)

பதில்: நஷ்டம் கேபிள் பில் கட்டுகிறவருக்குத்தான். அங்கே கணக்கை ஊர் வாரியாகப் போடுகிறார்கள், மொத்தம் 210 டிவி சந்தைகள். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் என்ற நான்கு தேசிய நெட்வொர்க்குகளின் உள்ளூர் நிலையங்கள்தான் ஒவ்வொரு ஊரிலும் பெரிய புள்ளிகள். கேபிள்காரர் இந்த நிலையங்களுக்கு, சந்தாதாரர் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் கொடுக்கிறார். பேரம் படியாவிட்டால் அந்தச் சேனல் கேபிளில் வராது. ஞாயிறு மதியம் ஃபுட்பால் பார்க்க உட்கார்ந்தால், திரையில் வெறும் அறிவிப்பு ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு சேனல் போனால் மற்ற மூன்றை வைத்து கேபிள்காரர் சில நாள் தாக்குப்பிடிப்பார், ஆனால் இரண்டு ஒரே முதலாளியிடம் இருந்து, இரண்டும் சேர்ந்து போனால், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு அதை நம் தலையில் கட்டுவார். விளம்பரமும் இதே கதைதான். ஊரில் கார் ஷோரூம் வைத்திருப்பவர், ரேட்டைக் குறைக்காவிட்டால் எதிர் சேனலுக்குப் போகிறேன் என்று இனி சொல்ல முடியாது.

அதனால்தான் 2019-ல் டிரிப்யூன் என்ற உள்ளூர் டிவி கம்பெனியை நெக்ஸ்டார் என்ற இன்னொரு டிவி கம்பெனி வாங்கியபோது, 13 சந்தைகளில் நிலையங்களை விற்க வேண்டும் என்று நீதித்துறை நிபந்தனை போட்டது.

சரி, விற்கச் சொன்னால் போதுமா? யாரிடம் விற்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு அதே டிரிப்யூனை சின்க்ளேர் என்ற வேறொரு டிவி கம்பெனி 390 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்தது. டிரிப்யூனிடம் இருந்த சிகாகோவின் டபிள்யூஜிஎன் நிலையத்தை 6 கோடி டாலருக்கு வேறொருவரிடம் விற்றுவிடுகிறோம் என்றது. வாங்க வந்தவர் சின்க்ளேர் தலைவரின் கார் வியாபாரக் கூட்டாளி! ஒளிபரப்பு உரிமங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசி 2018 ஜூலையில் இதை விசாரணைக்கு அனுப்பியது, அடுத்த மாதமே டிரிப்யூன் விலகிவிட்டது.

அதே வருடம் நவம்பரில் இன்னொன்று. தனித்தனி முதலாளிகளாக இருந்த ஆறு ஒளிபரப்புக் கம்பெனிகள், விளம்பர நேரம் எவ்வளவு வேகமாக விற்கிறது என்ற உள்விவரத்தைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டன என்று நீதித்துறை வழக்குப் போட்டு, இனி அப்படிச் செய்யக்கூடாது என்ற சமரசத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தது. முதலாளிகள் வேறு வேறாக இருந்தபோதே இந்த நிலைமை, அப்புறம் ஒரே கையில் கொடுத்தால் அந்த ஷோரூம்காரர் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்?