பெத்தப்பாவின் கல்வெட்டில் ஐந்து பிள்ளைகள்

கேள்வி: வணக்கம் ஐயா. மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். என் அம்மாவின் அப்பா, எங்கள் பெத்தப்பா, 1987இல் காலமானார், நான் பிறக்கும் முன்பே. மரணசாசனம் எதுவும் எழுதவில்லை. பெத்தம்மா 1996இல் போய்விட்டார். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள்: மாமாமார் இரண்டு பேர், பெரியம்மா, கடைசியாக என் அம்மா. இருக்கிற சொத்து மூன்று. நாங்கள் குடியிருக்கும் வீடு வளவு, வெல்லாவெளிப் பக்கம் 6 ஏக்கர் வயல், மத்திய முகாமில் அரசாங்கக் குடியேற்றத்தில் கிடைத்த ஒரு கொலனிக் காணி. வளவு பெத்தம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்தது என்றும், அம்மாவின் கலியாணத்தில் அம்மாவுக்கு எழுதியது என்றும் சொல்வார்கள், அந்தக் காணிப் பத்திரத்தை, உறுதியை, நான் கண்டதில்லை. வயலையும் கொலனிக் காணியையும் பெத்தப்பாவுக்குப் பிறகு பெரிய மாமாதான் செய்கிறார். முன்பெல்லாம் பெரும்போகம் வெட்டினதும் எங்கள் வீட்டுக்கு நான்கு மூடை நெல் வந்து இறங்கும், கொஞ்ச வருடமாக அதுவும் நின்றுவிட்டது. அம்மா பங்கு கேட்டதற்கு, "உனக்கு வீடு சீதனமாகத் தந்தாச்சு, பொம்பிளப் பிள்ளைக்கு வயல்ல என்ன பங்கு" என்றார். "பத்து வருசத்துக்கு மேல நான் செய்யிற வயல், சட்டப்படி எனக்குத்தான்" என்றும் சொன்னார். இப்போது ஒரு கடதாசியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கையெழுத்துக் கேட்கிறார்.

இன்னொரு விசயம். உறுதி தேடிப் பெட்டகத்தைக் கிளறியபோது பெத்தப்பாவின் 31ஆம் நாள் கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம், கிடைத்தது. அதில் மக்கள் என்று ஐந்து பெயர் இருக்கிறது. முதல் பெயரை எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. அம்மாவைக் கேட்டால் அழுகிறார். பெரியம்மாதான், "அப்பாவுக்குத் திருக்கோவில் பக்கம் முதல் ஒரு கலியாணம் நடந்தது, அந்த மனிசி பிள்ளைப்பேற்றில் செத்துப்போனா, பிள்ளையைத் தாய்வீட்டார் வளர்த்தாங்க" என்று சொன்னார். பெத்தப்பாவைப் பற்றி இனித் தேடப் போனால் சண்டை இன்னும் பெரிதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தக் கடதாசி. அம்மா இப்போதைக்கு எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். அது விட்டுக்கொடுக்கும் உறுதியாக இருக்கலாம், இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவமாக இருக்கலாம், கொலனிக் காணியின் பெர்மிட்டை மாற்றுவதற்கான சம்மதக் கடிதமாகவும் இருக்கலாம், இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்யும். மாமாவிடம் கோபமில்லாமல் ஒரு பிரதி வாங்குங்கள், அதை மாமா போகிற, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் அல்ல, நீங்களாகத் தேடிப் பிடிக்கும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இனிப் பெத்தப்பா. தேடுங்கள் மகள், கட்டாயம் தேடுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்வி இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. அவர் எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், எந்தக் காணி எப்படி அவர் கைக்கு வந்தது என்பது தெரியாமல் இந்தப் பங்குக் கணக்கை யாராலும் போட முடியாது.

எங்கள் ஊரில் பங்குப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். தேசவழமை என்பார்கள், அது யாழ்ப்பாணத்தாருக்கு உரியது, நமக்கு அல்ல. மட்டக்களப்பில் முன்பு முக்குவர் சட்டம் இருந்தது, முதுசம் என்ற பரம்பரைச் சொத்து பெண்வழியாக, மருமக்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கும். 1876இன் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் அதுவும் போய்விட்டது. இன்று உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது அந்த 1876ஆம் ஆண்டுச் சட்டம். மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் துணைக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வித்தியாசம் அதில் இல்லை.

சீதனம் வாங்கிய பெண்ணுக்குப் பங்கே கிடையாது என்று மாமா சொல்வது பிழை. ஆனால் அதில் ஒரு சிறு உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். கலியாணத்துக்கென்று பெற்றோர் ஒரு பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடக் கொடுத்திருந்தால், அந்தப் பெற்றோரின் சொத்தைப் பிரிக்கும்போது அதையும் கணக்கில் சேர்க்கும்படி அதே சட்டம் சொல்கிறது, வேண்டாம் என்று பெற்றோர் விட்டிருந்தால் தவிர. வீடு அம்மாவுக்கு வந்தது பெத்தம்மாவின் கையால் என்றால், இந்தக் கணக்குப் பெத்தம்மாவின் பங்கில்தான் வரும், பெத்தப்பாவின் பங்கில் அல்ல. அதனால்தான் அந்தச் சீதன உறுதி யார் பெயரில் இருந்து யார் பெயருக்குப் போனது என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும், மாப்பிள்ளை வந்து சேருவார். உங்கள் பெத்தப்பாவும் அப்படி வந்து சேர்ந்தவர் என்றால் அந்த வளவு ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை.

சரி, வயலுக்கு வருவோம். அது பெத்தப்பாவின் பெயரில் உள்ள உறுதிக் காணி என்று வைத்துக்கொள்கிறேன். நான்கு பிள்ளைகள்தான் என்றால் கணக்கு எளிது, ஆளுக்கு நாலில் ஒன்று, அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர். கல்வெட்டில் உள்ள ஐந்தாவது பிள்ளையையும் சேர்த்தால் பெத்தப்பாவின் பாதி ஐந்தாகப் பிரியும், பெத்தம்மாவின் பாதி அவர் வயிற்றுப் பிள்ளைகள் நால்வருக்கு மட்டும். அப்போது அம்மாவுக்கு 40இல் 9 பங்கு, அந்த மூத்த பிள்ளைக்கு 40இல் 4 பங்கு. ஏக்கரில் சொன்னால் அம்மாவுக்கு 1.35, அவருக்கு 0.6. அவர் இருப்பதால் அம்மாவுக்குக் குறைவது 0.15 ஏக்கர், அதாவது 24 பேர்ச்சஸ். இவ்வளவு காலம் ஒரு பெயரைச் சொல்லாமல் வைத்திருந்ததற்குப் பின்னால் இருக்கிற நிலம் இவ்வளவுதான், இதைப் பெரியம்மாவுக்கும் சொல்லுங்கள்.

அந்த முதல் கலியாணம் பதிவாகியிருக்காது, பிள்ளைக்கு உரிமை வராது என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். பதிவுதான் சிறந்த சாட்சி, ஆனால் அது மட்டுமே சாட்சி அல்ல. வழக்கப்படி ஊரறியத் தாலி கட்டி வாழ்ந்த கலியாணங்களை நம் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அந்தப் பிள்ளையின் பிறப்புப் பதிவை எடுத்தால் தகப்பன் பெயர் இருக்கும், பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கூடும் இருக்கும், அதைப் பாருங்கள். அவர் இப்போது உயிரோடு இல்லாவிட்டாலும் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

பத்து வருடக் கதையை மாமா பாதிதான் கேட்டிருக்கிறார். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருடம் என்று இருப்பது உண்மை. ஆனால் அந்த ஆட்சி மற்றவருக்கு எதிரானதாக, மற்றவரின் உரிமையை ஒப்புக்கொள்ளாததாக இருக்க வேண்டும். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி வயலைச் செய்தால் அவர் எல்லோருக்காகவும் செய்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'இனி உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை' என்று வெளிப்படையாக மற்றவர்களை விலக்கிய நாளில் இருந்துதான் பத்து வருடம் ஓடத் தொடங்கும். உங்கள் வீட்டு வாசலில் இறங்கிய அந்த நான்கு மூடை நெல் இருக்கிறதே, அது விளைச்சலில் பங்கு கொடுத்தது, உரிமையை ஒப்புக்கொண்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது கஷ்டம். எந்த வருடம் வரை வந்தது, யார் கொண்டுவந்தார், டிரக்டரா லேண்ட்மாஸ்டரா, பக்கத்து வீட்டில் யார் கண்டார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நெல் நின்ற வருடத்தையும் எழுதுங்கள், மாமாவின் சட்டத்தரணி அதில் இருந்துதான் எண்ணத் தொடங்குவார், ஆகவே மேலும் காலம் தள்ளாதீர்கள்.

கொலனிக் காணி வேறு கதை, அதில் நீங்கள் ஆசையை வளர்க்க வேண்டாம். 1949இல் இங்கினியாகலையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்ட வேலை தொடங்கியபின் குடியேற்றங்களில் கொடுத்தவை பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிகள். 1876ஆம் ஆண்டுப் பங்குக் கணக்கு அங்கே செல்லாது. பெர்மிட்காரர் இறந்தால் மனைவி உள்ளவரை அனுபவிப்பார், அதன்பின் அவர் பின்னுரிமையாளராகப் பெயர் கொடுத்த ஆளுக்குப் போகும். பெயர் கொடுக்காவிட்டால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும், அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளைத்தான் முன்னுக்கு வைத்திருந்தார்கள், 2022இல்தான் அது திருத்தப்பட்டது. பெத்தப்பா மாமாவின் பெயரைக் கொடுத்திருந்தால் அது மாமாவுக்குத்தான், அதை நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். கொடுத்தாரா இல்லையா என்பது பிரதேச செயலகத்தின் காணிக் கிளைப் பதிவேட்டில் இருக்கும். ஆனால் மாமா பெர்மிட்டைக் காட்டி, "அப்பா எனக்குத்தான் தந்தார், வயலும் அப்படித்தான்" என்றால் கேட்காதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

எங்கே தேடுவது? மரணப் பதிவில் தொடங்குங்கள். ஆள் எங்கே செத்தாரோ அங்கேதான் பதிவு, வீடு இருந்த இடத்தில் அல்ல. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் களுவாஞ்சிகுடியில் தேடிப் பயனில்லை. அதன்பின் விவாகப் பதிவு, அதில் இருவரின் தகப்பன்மார் பெயரும் இருக்கும், அந்த ஒரு தாள் உங்களை இன்னொரு தலைமுறைக்கு மேலே ஏற்றிவிடும்.

வயலுக்குக் கமநல சேவை நிலையத்தில் காணிப் பதிவேடு பாருங்கள், சொந்தக்காரர் யார், செய்கைக்காரர் யார் என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். பழைய ஏக்கர் வரித் துண்டு ஒன்று கிடைத்தாலும் பெரிய உதவி. வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையாக இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவர் வீட்டுக்கு வெற்றிலையோடு போங்கள். உறுதி இலக்கம் தெரியாமல் காணிப் பதிவகத்தில் தேடுவது கஷ்டம், அதற்கு நான் கண்ட வழி, பக்கத்து வயல்காரரின் உறுதியைக் கேட்டுப் பார்ப்பது. அதில் கிழக்கு எல்லை இன்னாருடைய வயல் என்று உங்கள் பெத்தப்பாவின் பெயர் இருக்கும், சில வேளை அவருக்கு முன் அந்த வயலை வைத்திருந்த பெரிய நிலக்காரரான போடியாரின் பெயரும் இருக்கும். என் பெத்தப்பாவின் வயலை நான் அப்படித்தான் பிடித்தேன். அவர் பெயரை மூன்று உறுதியில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள், தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துத்தான் ஒரே ஆள் என்று உறுதியானது. அன்று மாலை வரை அவர் எனக்கு ஒரு சட்டகப் படம் மட்டும்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், அம்பாறை தனி மாவட்டம் ஆனது 1961இல். அதற்கு முன் திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான், காணிக்கு மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த மாவட்ட அலுவலகமான கச்சேரிதான். முதல் கலியாணமும் முதல் பெர்மிட்டும் அந்தக் காலம் என்றால் ஒரு அலுவலகத்தில் இல்லை என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாமல் மற்ற மாவட்டத்திலும் கேளுங்கள்.

ஆனால் முதலில் போக வேண்டிய இடம் அலுவலகம் அல்ல, திருக்கோவில். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போனால் பழைய ஆட்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், தாய்வழியாக வரும் குடியைச் சொல்லித் தேடுங்கள், நம் ஆட்கள் குடியை வைத்துத்தான் ஆளை நினைவில் வைத்திருப்பார்கள். உங்கள் பெத்தப்பாவின் குடி அவருடைய தாயின் குடி, அந்தப் பிள்ளையின் குடி அந்த முதல் மனைவியின் குடி, இரண்டும் உங்கள் குடியாக இருக்க வேண்டியதில்லை, இதைக் குழப்பிக்கொண்டால் வேறு குடும்பத்தின் வாசலில் போய் நிற்பீர்கள். போகும்போது காணிப் பேச்சு எடுக்க வேண்டாம். கல்வெட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அது அச்சானது 1987இல், பெத்தம்மா உயிரோடு இருந்த காலம். மூத்த தாரத்துப் பிள்ளையின் பெயரை முதலாவதாகப் போட அவர் சம்மதித்திருக்கிறார், அல்லது அவரேதான் போடச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டார் இதை அறிய வேண்டும், உங்கள் அம்மாவும் அறிய வேண்டும்.

இது மனிதத்துக்காக மட்டும் சொல்வதல்ல. நாளைக்குப் பிரிவினை வழக்கு என்று போனால் உரிமை உள்ள எல்லோரையும் வழக்கில் காட்ட வேண்டும், தெரிந்த பங்காளியை மறைத்துவிட்டு வழக்குப் போடக் கூடாது. அதற்கு முன் காணிக்கான விசேட மத்தியஸ்த சபை மட்டக்களப்பில் இருக்கிறது, அங்கே போங்கள். மாமா முப்பது வருடத்துக்கு மேல் அந்த வயலில் வெயிலிலும் யானைக் காவலிலும் நின்றவர், வரம்பு கட்டியதும் வாய்க்கால் வெட்டியதும் அவர், அதற்கும் ஒரு விலை உண்டு, மேசையில் அதை முதலில் சொல்ல வேண்டியது உங்கள் அம்மாதான்.

கேள்வி: மருதமுனையில் இருந்து. சுனாமியில் மூத்தாப்பாவின் காணி உறுதிகள் எல்லாம் கடலோடு போய்விட்டன. உறுதி இல்லை, ஆகவே பங்கும் இல்லை என்று சாச்சா சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. போனது கடதாசி, உரிமை அல்ல. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று நொத்தாரிசின் கையில் இருக்கும், அவர் இறந்திருந்தால் அந்தக் கட்டும் பதிவகத்துக்கு வந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். பங்குக் கணக்கு மட்டும் மேலே சொன்னதல்ல, முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம், அது ஷரீஆப் பங்கின்படி. மூத்தாப்பா மௌத்தாகும்போது யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.