கண்ணை அசைக்கும் நரம்புகள்: கேள்வி பதில்

கேள்வி: கண்ணை அசைப்பது ஒரே நரம்பா?

பதில்: மூன்று. ஒரு கண்ணில் ஆறு தசைகள். வெளிப்புற நேர்தசைக்கு ஆறாம் கபால நரம்பு (மூளையிலிருந்து நேரே வரும் நரம்புகளில் ஒன்று), மேல் சாய்தசைக்கு நான்காம் நரம்பு, மற்ற நான்குக்கும் மூன்றாம் நரம்பு. மேலிமையைத் தூக்குவதும் பாவையை (கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை) சுருக்குவதும் மூன்றாம் நரம்பின் வேலைதான். அதனால் திடீரென்று இமை தொங்கி, பாவை விரிந்து, பார்வை இரட்டையானால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூளை இரத்தக்குழாயில் வீக்கம் ஏற்பட்டு நரம்பை அழுத்தக்கூடும்.

கேள்வி: இமை துடிக்கிறது. எந்த நரம்பு?

பதில்: ஏழாம் நரம்பு. கண்ணை அசைப்பதில் அதற்குப் பங்கில்லை. துடிப்பு பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

கேள்வி: வலப்பக்கம் பார்க்கும்போது இரு கண்களும் எப்படிச் சேர்ந்தே திரும்புகின்றன?

பதில்: இதைக் கேட்க ஆள் வராதா என்றிருந்தேன். வலக்கண்ணை வெளிப்புறத் தசை இழுக்க வேண்டும். இடக்கண்ணை உட்புறத் தசை இழுக்க வேண்டும். நரம்புகளோ வேறு வேறு. வலப்பக்க ஆறாம் நரம்பின் உட்கருவில் (மூளைத்தண்டில் அந்த நரம்பு தொடங்கும் செல்கூட்டம்) இருவகைச் செல்கள் உள்ளன. ஒரு வகை நேரே வலக்கண் தசைக்குச் செல்கிறது. மற்றது நடுக்கோட்டைத் தாண்டி, மூளைத்தண்டில் மேலேறி, இடப்பக்க மூன்றாம் நரம்பின் உட்கருவுக்கு அதே ஆணையைச் சேர்க்கிறது. நரம்பிழைகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயில் இந்த இணைப்பு சிதைந்தால், வலக்கண் திரும்பும். இடக்கண் மூக்குப் பக்கம் வரத் திணறும். அதே இடக்கண், மூக்குக்கு நேரே வெகு அருகில் நீட்டிய விரலைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். தசையில் கோளாறில்லை, ஆணை வரும் பாதையில்தான்.

கேள்வி: மேல் சாய்தசை கண்ணைக் கீழே திருப்புமாமே? அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. அதன் நாண் கண்குழியின் மேல் உள்மூலையிலுள்ள கப்பி வழியாகத் திரும்பி, விழியின் மேற்புறத்தில் பின்பாதியில் ஒட்டியிருக்கிறது. பின்பாதி மேலெழுந்தால் முன்பாதி தாழும்.

கேள்வி: ஒப்பவில்லை. மேலே இழுத்தால் மேலேதான் போகும்.

பதில்: விழி உருண்டை ஐயா! எந்தப் பாதியில் பிடித்து இழுக்கிறோம் என்பதுதான் கணக்கு. நோயாளிகளே சாட்சி: நான்காம் நரம்பு செயலிழந்தவர் மாடிப்படி இறங்கும்போதுதான் இரட்டைப் பார்வை என்று புலம்புவார்; ஏறும்போது அல்ல.

கேள்வி: இடக்கண் இமை துடித்தால்?

பதில்: இரண்டாம் பதில். இடமும் வலமும் ஒன்றுதான்.

கேள்வி: இரட்டைப் பார்வைக்குக் கண் பயிற்சி போதுமா?

பதில்: முதலில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்போதும் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே; கண்புரையாக இருக்கலாம். ஒன்றாகிவிட்டால் நரம்பு, தசை பக்கம் தேட வேண்டும். இமையும் தொங்கினால் பயிற்சியை விடுங்கள். முதல் பதிலின் கடைசி வரிகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.