கேளுங்க சொல்றோம்: பாடி கட்டுன கம்பெனி

கேள்வி: ஜாகுவார் கார் கம்பெனி முதல்ல பாடி மட்டும் கட்டுன சின்னப் பட்டறைன்னு எங்க மாமா சொல்றாரு, நெசமா? - வாசகர், கீழக்கரை

பதில்: மாமா சொன்னது நெசந்தாங்க. 1922ல இங்கிலாந்து பிளாக்பூல்ல, அதுவும் உங்க ஊர் மாதிரி கடலோர ஊருதான், வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லின்னு ரெண்டு பேரு அப்பாமார் ஜாமீன்ல பேங்க்ல 1,000 பவுண்டு வாங்கி பைக்குக்கு சைடுகார் செய்ய ஆரம்பிச்சாங்க, பேரு ஸ்வாலோ. 1927ல ஆஸ்டின் செவன் காரோட இன்ஜினும் சேசிஸும் (அடிச்சட்டம்) வாங்கி மேல சொந்தமா பாடி கட்டுனாங்க. எப்படின்னா, தொண்டி பக்கம் வத்தைக்கு, அதான் நாட்டுப் படகுக்கு, வங்கு (விலா எலும்பு மாதிரி வளைஞ்ச கட்டை) வச்சு பலகை அடிக்கிறாங்கள்ல, அதே மாதிரி ஆஷ் மரத்துல கூடு கட்டி, மேல பலகைக்குப் பதிலா அலுமினியத் தகடு, அவ்ளோதான், ஆனா அந்த வளைவும் ரெண்டு கலர் பெயிண்ட்டும் அவ்ளோ அழகு! ஹென்லிஸ்னு ஒரு கார் டீலர் ஒரேயடியா 500 கார் கேட்டுட்டாங்க, இடம் பத்தாம 1928ல கோவென்ட்ரிக்கு போய்ட்டாங்க. அப்புறம் எஸ்எஸ்னு சொந்த கார், 1935ல அதுல ஒரு மாடலுக்கு ஜாகுவார்னு பேரு, போர் முடிஞ்சதும் எஸ்எஸ்னா ஹிட்லர் படை ஞாபகம் வருதுன்னு 1945ல கம்பெனி பேரையே ஜாகுவார்னு மாத்திட்டாங்க. மாமாகிட்ட இதையும் சொல்லுங்க.