குச்சிக்காடு, வார்டு, மனநலம்: ஆத்தூர் பக்கத்து அப்பா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் கைகொடுக்கவில்லை, இன்னொரு வருடம் கோச்சிங்கில் உட்கார அவளுக்கு இஷ்டமும் இல்லை. "ஆராய்ச்சி பண்ணப்போறேன்" என்கிறாள். எதில் என்று கேட்டால் ஒரு நாள் உளவியல், மறுநாள் பூச்சியியல். நடுவில் அவள் அத்தை நர்சிங் போடச் சொல்கிறார். "மூணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பிள்ளை குழம்பிப்போய் நிக்குது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்த கதை ஒன்று பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு காலேஜ், செலவு விஷயத்துக்கு வருகிறேன்.

1995 வாக்கில் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைச் சாவுகள் நடந்தன. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் அது ஒன்று. அதில் பெரும்பங்கு வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தால். மனநலத் துறையினர் கேட்டது, கடுமையான மனவேதனை தாக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கையெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் எத்தனை உயிர் தப்பும் என்று. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், வந்து சேர்ந்தவர்களில் எந்த மருந்து குடித்தவர்கள் பிழைக்கிறார்கள், எந்த மருந்து பிழைக்க விடுவதில்லை என்று பதிவு போட்டார்கள். வேளாண் பக்கம் இருந்த கேள்வி வேறு: இந்த மருந்தை நிறுத்தினால் விளைச்சல் படுத்துவிடுமா?

அரசு 1995இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் போன்ற கடும் நஞ்சுகளைத் தடை செய்தது. 1998இல் எண்டோசல்பான். 2008க்கும் 2011க்கும் இடையில் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான். 20 வருடத்தில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. தடைகள்தான் இதற்கு முக்கியக் காரணம் என்பது ஆராய்ச்சியாளர்கள் வந்த முடிவு. விளைச்சல் படுக்கவில்லை என்பதையும் கணக்குப் பார்த்தே சொன்னார்கள். நம் தமிழ்நாட்டு அரசு ஆறு பூச்சிமருந்துகளை 60 நாளுக்கு நிறுத்தி வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடைக்காரர் அலுத்துக்கொண்டிருப்பார். அதற்குப் பின்னால் இருந்ததும் இதே கேள்விதான்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம், தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் ஒரு லாக்கர் அறை. வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். 2013இல் முடிவு வெளியானது, நம்பிக்கை தந்தது. ஆனால் சில கிராமங்களை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இலங்கையில் சற்று மாற்றி, வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 180 கிராமங்கள், 53,000க்கு மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி உண்டு, மீதிக்கு இல்லை. வருடக்கணக்கில் கண்காணித்தார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பெட்டியால் பலன் தெரியவில்லை.

எத்தனை பேருடைய உழைப்பு, எவ்வளவு பணம். பதில் "இல்லை." அதையும் மறைக்காமல் அச்சில் போட்டார்கள். அதனால்தான் இன்று பெட்டிக்குப் பணம் செலவழிக்காமல் தடை பக்கம் கவனம் போகிறது.

உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். "அய்யோ, வேஸ்ட்டா போச்சே" என்றால் ஆராய்ச்சி ஆசை இன்னும் கொஞ்சம் பழுக்க வேண்டும். "ஏன் பெட்டி வேலை செய்யல?" என்று கேட்டால் அவளை நம்பி மேலே பேசலாம். எந்தத் துறை என்பதைவிட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளைகள் ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் பேப்பரில் போட்டோவும் என்று நினைக்கிறார்கள். நிஜத்தில் அது எண்ணுவது, எழுதுவது, மறுபடி எண்ணுவது. எதை எண்ணினால் அவளுக்குச் சலிக்காது? பூச்சியையா, நோயாளியின் மூச்சையா, மனிதர்கள் தங்கள் மனதைப் பற்றிச் சொல்லும் பதில்களையா? அதைப் பொறுத்துத்தான் துறை.

பூச்சியியலை உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் நுனி கொத்தாகச் சுருண்டு, செடி குட்டையாகி நின்றதே, அந்த மாவுப்பூச்சி 2020இல்தான் இந்தியாவில், திருச்சூரில், முதலில் அடையாளம் காணப்பட்டது. அப்புறம் சேலம், நாமக்கல் வரை வந்துவிட்டது. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை நம்பி வாழ்ந்தவர்களைப் பட்டினிக்குப் பக்கத்தில் தள்ளியது. 1981இல் பராகுவேயில் அந்தப் பூச்சியையும் அதைக் கொல்லும் ஒரு குட்டிக் குளவியையும் கண்டுபிடித்தார்கள். அந்தக் குளவியை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பும் வேலையை முன்நின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

நம் ஊருக்கும் வந்தது அதே குளவிதான். பெங்களூரில் ஐசிஏஆர் எனப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சி வள நிறுவனம் ஒன்று இருக்கிறது. அவர்கள் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். வந்ததும் திறந்துவிடவில்லை. தனிமைப்படுத்தி வளர்த்து, நம் ஊர் நல்ல பூச்சிகளைத் தொடுகிறதா என்று சோதித்து, 2022இல்தான் வெளியே விட்டார்கள். எங்கே தெரியுமா? உங்களுக்குப் பக்கத்தில், ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு அவளை ஒரு நாள் கூட்டிப் போங்கள். குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, கூடுபோல் இறுகிப்போவதை லென்ஸ் வழியே பார்க்கச் சொல்லுங்கள். அது பிடித்தால் பாதித் தீர்மானம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். பூச்சியியல் மாணவியின் நாள் பெரும்பாலும் வெயிலில் கழியும். குறித்து வைத்த செடிகளில் மேல் இலை, நடு இலை, கீழ் இலை என்று பிரித்து எண்ண வேண்டும். அடுத்த வாரமும் அதே செடி, அதே இலை வரிசை. மருந்து அடித்த பாத்திக்குப் பக்கத்தில் ஒன்றுமே அடிக்காத ஒரு பாத்தியும் இருக்கும், ஒப்பிடுவதற்காக. கண் முன்னாலேயே பூச்சி தின்னும், கை வைக்கக் கூடாது. விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம்தான்.

படிப்பு வழி: முதலில் நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் கிடையாது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இதற்கும் உண்டு. பூச்சியியல் தனியாக வருவது எம்.எஸ்சி.யில்தான், அதற்கு முன் மண், உழவியல், மரபியல் எல்லாம் படித்தாக வேண்டும். பிறகு முனைவர் பட்டம், வேளாண் விஞ்ஞானி வேலைக்கான ஏஆர்எஸ் தேர்வு, ஐசிஏஆர் நிறுவனங்கள். தனியார் கல்லூரி என்றால் ஐசிஏஆர் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

நர்சிங் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "அந்த வேலைக்கு அனுப்ப மனசு வரலை." ஆனால் அதே கடிதத்தில், வாதம் வந்து படுத்த பாட்டிக்கு எப்போது புரட்டிப் படுக்க வைத்தோம், எவ்வளவு கஞ்சி குடித்தார் என்று அவள் நோட்டுப் போட்டு எழுதி வைத்தாள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது.

டோரீன் நார்ட்டன் என்ற இங்கிலாந்து நர்ஸ் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். முதியோர் வார்டில் யாருக்குப் படுக்கைப்புண் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று வரிசையாகக் கவனித்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலஜலக் கட்டுப்பாடு என ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டுத்தொகை குறையக் குறைய ஆபத்து அதிகம். 1962இல் வெளிவந்த அந்த அளவுகோலுக்கு இன்றும் அவர் பெயர்தான். மருந்து இல்லை, மெஷின் இல்லை, கவனிப்பும் கணக்கும் மட்டும்.

விஷம் குடித்து வந்தவருக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து போகும்போது பக்கத்தில் நிற்பதும் நர்ஸ்தான். நாடி எவ்வளவு, கண்மணி விரிகிறதா, நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கியதா, அக்குள் காய்ந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்து எழுத வேண்டும். அந்தத் தாளை வைத்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார். அந்தத் தாள்தான் பிறகு ஆராய்ச்சிக்கும் போகிறது.

வழி: பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், இதற்கும் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான். ஒரு வருடம் வேலை அனுபவம் இருந்தால் எம்.எஸ்சி. சேரலாம். அதில் மனநலச் செவிலியம் என்றே ஒரு பிரிவு உண்டு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலும் நடத்துகிறார்கள். மனம் பற்றிய ஆசையும் இதில் தீரும், நான்காம் வருட முடிவில் சம்பளமும் வரும். உங்கள் வீட்டு நிலைமைக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். கல்யாணச் சந்தையில் என்ன சொல்வார்கள் என்பது பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. எச்சரிக்கை மட்டும் ஒன்று: வெளிமாநிலக் கல்லூரி ஏஜென்ட் வீட்டுக்கே வந்து "சீட் ரெடி, ஒரிஜினல் சர்டிபிகேட் கொடுங்க" என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

உளவியல் கவர்ச்சியான பெயர். ஃபோனைத் திறந்தால் மனநலம் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் அந்த ஆராய்ச்சியின் அன்றாடம் பெரும்பாலும் கேள்வித்தாளும் புள்ளியியலும். மனச்சோர்வை அளக்கப் பிஎச்கியூ-9 என்று ஒன்று இருக்கிறது. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. நூற்றுக்கணக்கான பேரிடம் இதைக் கேட்டு, தூக்கம், வேலை, கடன் எல்லாவற்றோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். கணக்கு பயம் என்பதற்காக உளவியலுக்குப் போகிறவர்கள் இரண்டாம் வருடமே திகைத்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், பி.எஸ்சி., எம்.எஸ்சி. உளவியல் முடித்ததாலேயே மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும், சீட் குறைவு, போட்டி அதிகம். எம்.ஃபில். முறை மாறிக்கொண்டிருப்பதால் சேரும் வருடத்தில் ஆர்சிஐ தளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவு குறைவு என்று தபால் வழியில் சேர்க்கும் எண்ணம் வேண்டாம். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முனைவர் பட்டத்துக்கு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அதுவரை போகிற ஆறேழு வருடம்தான் உங்கள் கவலை. அரசுப் பள்ளிப் பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விடுதிச் செலவில் ஒரு பகுதியாவது நிற்கும்.

என் அபிப்பிராயம் கேட்டால்: உளவியலை முதல் பட்டமாக நான் சொல்ல மாட்டேன். வேளாண்மையில் அரசுக் கல்லூரி கிடைக்கும் மதிப்பெண் என்றால் அது, இல்லையென்றால் தயங்காமல் நர்சிங். இரண்டும் கிடைத்தால், அந்த பாட்டி நோட்டு காரணமாக, நான் நர்சிங் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்வேன். அவள் ஏத்தாப்பூர் போய்விட்டு வந்து வேறு சொன்னால் அவள் சொல்வதே சரி.

மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். வேளாண்மைக்கும் நர்சிங்குக்கும் தனித்தனி விண்ணப்பம், இரண்டையும் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னீர்கள், வாருங்கள். அவளையும், அந்த நோட்டு இன்னும் இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.